தாளம் போன நாள்: தி கிளாஷ் ஏன் உடைந்தது?

கேள்வி இதுதான்: "1982 அக்டோபரில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் வாசித்த லண்டன் பங்க் ராக் குழு தி கிளாஷ், அடுத்த செப்டம்பரில் தன் முதன்மைக் கிதார் கலைஞரையே வெளியேற்றியது. அதன்பின் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் குழுவே இல்லாமல் போனது. பாட்டு அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்து, ஆல்பமும் பத்து லட்சத்துக்கு மேல் விற்ற நேரத்தில் ஒரு குழு ஏன் தன்னையே உடைத்துக்கொள்ள வேண்டும்? பணமா, போதையா, மேலாளரா?"

மூன்றும் இருந்தன. ஆனால் அவை அந்தக் காலத்து லண்டனில் எந்தக் குழுவிடம் இல்லை? அவற்றோடு இருபது, முப்பது ஆண்டுகள் குடித்தனம் நடத்திய குழுக்கள் உண்டு. கிளாஷைக் கொன்றது வேறொன்று என்பது என் கட்சி. 1983 செப்டம்பரில் மிக் ஜோன்ஸை நீக்கி வெளியிட்ட அறிக்கையில், அவர் குழுவின் மூலக் கருத்திலிருந்து விலகிப் போய்விட்டார் என்று ஒரு குற்றச்சாட்டு இருந்தது. அந்த மூலக் கருத்து எது என்று குழுவின் ஏழாண்டு வரலாற்றைப் புரட்டித் தேடினால் கையில் ஒன்றும் அகப்படாது. கண்டதையெல்லாம் கேட்டு, கேட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டு வளர்ந்த குழு அது. திடீரென்று ஒருநாள் ஆசாரம் பார்க்கத் தொடங்கியது; அப்போதே முடிந்துபோனது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: உண்மையான முறிவு 1983இல் நடக்கவில்லை. 1982 மே மாதம், டிரம்ஸ் கலைஞரை வீட்டுக்கு அனுப்பிய நாளிலேயே நடந்துவிட்டது.

முதலில் ஆட்களைப் பார்ப்போம். பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரின் இயற்பெயர் ஜான் மெல்லர். 1952இல் துருக்கியின் அங்காராவில் பிறந்தவர். தந்தை பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை ஊழியர். அந்தத் தந்தை பிறந்தது நம் லக்னோவில். கெய்ரோ, மெக்ஸிகோ சிட்டி, பான் என்று சுற்றிய குடும்பம், ஒன்பது வயதில் ஜோவை இங்கிலாந்தில் விடுதிப் பள்ளியில் சேர்த்தது. தொழிலாளி வர்க்கத்தின் குரலாகப் பின்னாளில் கொண்டாடப்பட்டவர் தூதரக வீட்டுப் பிள்ளை என்பதை எதிரிகள் கடைசிவரை குத்திக்காட்டினார்கள். அவரும் அந்தப் பழைய வாழ்க்கையை மறைக்கவே பார்த்தார். 1976இல் அவர் லண்டனில், ஆளில்லாத வீடுகளில் பூட்டை உடைத்துக் குடியேறி வாழ்ந்த கூட்டத்தோடு இருந்தார். 101'அர்ஸ் என்ற குழுவோடு மதுக்கடைகளில் பழைய ராக் அண்டு ரோல் பாடிக்கொண்டிருந்தார். வால்டர்டன் சாலையில் அவர்கள் குடியிருந்த வீட்டின் எண்தான் குழுவின் பெயர்.

மிக் ஜோன்ஸ் நேர் எதிர். பெற்றோர் பிரிந்தபின் பாட்டி வளர்த்த பிள்ளை. மேற்கு லண்டனின் வெஸ்ட்வே மேம்பாலத்தைப் பார்த்தபடி நிற்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில், மிக உயரமான தளத்தில் பாட்டியின் வீடு. ராக் நட்சத்திரங்களைப் பூஜை அறைப் படங்களைப் போல நெஞ்சில் மாட்டி வைத்திருந்தவர். ஓர் இசையைக் கேட்டால் அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்த்துவிடும் காது அவருக்கு. பால் சிமோனன் ஓவியக் கல்லூரி மாணவர். எந்தக் கருவியும் வாசிக்கத் தெரியாது. ஜோன்ஸ்தான் அவருக்கு பாஸ் கிதார் சொல்லிக்கொடுத்தார். எந்த இடத்தில் விரல் வைத்தால் எந்தச் சுரம் என்பதைக் கழுத்துப் பகுதியில் எழுதிவைத்துக்கொண்டு வாசித்தார் சிமோனன். குழுவுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. மோதல் என்று பொருள்படும் அந்தச் சொல் செய்தித்தாள் தலைப்புகளில் திரும்பத் திரும்ப வந்ததைக் கவனித்துப் பிடித்துக்கொண்டார்.

இவர்களை ஒன்றுசேர்த்தவர் பெர்னி ரோட்ஸ். பங்க் என்ற முரட்டு, வேகமான ராக் இசையைக் கிளப்பிய செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவை நடத்திய மால்கம் மெக்லாரனின் கூட்டாளி. தனக்கென ஒரு குழு வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு இருந்தது. 1976 ஏப்ரலில் 101'அர்ஸ் நிகழ்ச்சிக்கு முன்னோட்டமாக ஒரு மேடையில் பிஸ்டல்ஸ் வாசித்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்ட்ரம்மருக்கு, தான் செய்துகொண்டிருப்பது நேற்றைய சோறு என்று சட்டென்று புரிந்துவிட்டது. ரோட்ஸ் வந்து அழைத்தார். யோசிக்க 48 மணி நேரம் தருகிறேன் என்றவர் 24 மணி நேரத்திலேயே பதில் கேட்டுவிட்டார் என்று சொல்வார்கள். ஸ்ட்ரம்மர் பழைய குழுவைக் கைகழுவினார். 1976 ஜூலை 4 அன்று ஷெஃபீல்டில், பிஸ்டல்ஸுக்கு முன்னால் கிளாஷ் முதன்முதலாக மேடையேறியது.

ரோட்ஸ் சொன்ன முக்கியமான யோசனை ஒன்று: காதலைப் பற்றி எழுதாதீர்கள், உங்களைச் சுற்றி நடப்பதை எழுதுங்கள். சுற்றிலும் நடந்ததற்குக் குறைவில்லை. 1976 ஆகஸ்ட் 30 அன்று நாட்டிங் ஹில் கார்னிவலில் கரீபிய வம்சாவளி இளைஞர்களுக்கும் போலீசுக்கும் இடையே பெரும் கலவரம் மூண்டது. ஸ்ட்ரம்மரும் சிமோனனும் அதன் நடுவில் இருந்தார்கள். கறுப்பின இளைஞர்கள் எதிர்த்து நிற்கிறார்கள், நாங்கள் ஏன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறோம் என்ற ஆதங்கத்தில் பிறந்ததுதான் 'ஒயிட் ரயட்' என்ற முதல் தனிப்பாடல். தலைப்பை மட்டும் பார்த்து இது வெள்ளை இனவெறிப் பாட்டு என்று நினைத்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பாட்டின் பொருள் அதற்கு நேர்மாறானது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர முடியாது. 1977இன் தொடக்கத்தில் லண்டன் பங்க் ரசிகர்களின் கூடாரம் ராக்ஸி என்ற இரவு விடுதி. அங்கே இசைத்தட்டு போடும் வேலை டான் லெட்ஸுக்கு. ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். பங்க் இசைத்தட்டுகள் அப்போது வெளிவந்திருந்தால்தானே போடுவதற்கு? தன்னிடம் இருந்த ரெக்கே தட்டுகளைப் போட்டார். அப்படித்தான் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கூட்டமொன்றுக்கு ஜமைக்கா இசை பாலோடு சேர்ந்து உள்ளே இறங்கியது. கிளாஷின் முதல் ஆல்பத்திலேயே ஜூனியர் மர்வின் பாடிய ஒரு ரெக்கே பாட்டை ஆறு நிமிடத்துக்கு நீட்டி வாசித்திருக்கிறார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் பாட்டு இருந்தாலே துரோகம் என்று கருதப்பட்ட காலத்தில்! ஆகவே, "மூலக் கருத்து" முதல் ஆண்டிலேயே கலப்படமானது. அதுதான் அதன் அழகும்.

1977 ஜனவரியில் சி.பி.எஸ். இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் ஆனது. பன்னாட்டு நிறுவனத்தை எதிர்த்துப் பாடுகிறவர்கள் பன்னாட்டு நிறுவனத்திடமே கையெழுத்துப் போட்டார்கள். பங்க் செத்த நாள் அதுதான் என்று அந்த இயக்கத்தின் சிறுபத்திரிகை ஆசிரியர் மார்க் பெர்ரி சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு லட்சம் என்பது பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் ஒலிப்பதிவு, பயணம், சம்பளம் எல்லாச் செலவும் அதிலேயே அடக்கம். கிளாஷ் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அந்த நிறுவனத்துக்குக் கடன்பட்டே கழித்தது. நிறுவனம் இவர்களைக் கேட்காமல் ஒரு பாட்டைத் தனித்தட்டாக வெளியிட்டபோது, அந்த நிறுவனத்தையே திட்டி இன்னொரு பாட்டு எழுதி, அதை அதே நிறுவனத்தின் செலவிலேயே வெளியிட்டார்கள். 'கம்ப்ளீட் கன்ட்ரோல்' என்ற அந்தப் பாட்டைத் தயாரித்தவர் ஜமைக்காவின் லீ பெர்ரி. இதைவிடச் சுவையான சண்டையை நான் கேள்விப்பட்டதில்லை.

முதல் ஆல்பம் மூன்று வார இறுதிகளில் பதிவாகி 1977 ஏப்ரலில் வெளியானது; பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடம். அமெரிக்கக் கிளை, ஒலித்தரம் போதாது என்று அதை வெளியிட மறுத்தது. ரசிகர்களோ இறக்குமதித் தட்டுகளாக ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள். அதில் டிரம்ஸ் வாசித்த டெர்ரி சைம்ஸ் ஏற்கெனவே விலக முடிவுசெய்திருந்தார். அட்டையில் அவர் பெயரை 'டோரி கிரைம்ஸ்', அதாவது கன்சர்வேட்டிவ் கட்சியின் குற்றங்கள் என்று கேலியாக அச்சடித்தார்கள். இந்த சைம்ஸ் மீண்டும் கதைக்குள் வருவார்.

அவர் இடத்துக்கு வந்தவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நிக்கி ஹெடன், டோவர் துறைமுகப் பக்கத்துப் பையன். டாப்பர் என்ற சிறுவர் சித்திரக்கதை இதழில் வரும் குரங்கின் சாயல் அவருக்கு இருக்கிறது என்று சிமோனன் சொல்ல, டாப்பர் ஹெடன் ஆனார். ஜாஸ், சோல், ஃபங்க் எல்லாம் வாசிப்பார். ஓராண்டு இருந்து பேர் வாங்கிக்கொண்டு வேறு இடம் பார்க்கலாம் என்ற கணக்கோடுதான் வந்ததாகப் பிறகு அவரே ஒப்புக்கொண்டார். மற்ற மூவரும் எதை வேண்டுமானாலும் ஆசைப்படலாம் என்ற நிலை அவர் வந்த பிறகே உண்டானது. ரெக்கே வேண்டுமா, ராக்கபிலி வேண்டுமா, டிஸ்கோ வேண்டுமா, கேட்ட தாளம் கிடைக்கும். தாளம் துல்லியமாக விழுவதைக் கண்டு, இரண்டாவது ஆல்பத்தின் தயாரிப்பாளர் சாண்டி பெர்ல்மன் அவரை மனித டிரம் மெஷின் என்று அழைத்தார். இந்தப் பட்டப்பெயரை நினைவில் வையுங்கள்; பின்னால் அது கொடுமையான வேடிக்கையாகத் திரும்பிவரும்.

அந்த இரண்டாவது ஆல்பம் 1978 நவம்பரில் வந்தது, பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. அமெரிக்கக் காதுகளுக்காகப் பளபளப்பாக்கப்பட்டது. எனக்கு அவ்வளவு உவப்பில்லை. அந்த ஆண்டில் அதைவிட முக்கியமானது ஏப்ரல் 30. எரிக் கிளாப்டன் 1976இல் பர்மிங்ஹாம் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகக் கொட்டிய வசைக்குப் பதிலடியாக எழுந்தது 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம். நேஷனல் ஃப்ரன்ட் என்ற இனவெறிக் கட்சி தெருவில் பலம் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து ஊர்வலமாக நடந்து, கிழக்கு லண்டனின் விக்டோரியா பூங்காவில் பெரும் திரளாகக் கூடினார்கள். அங்கே கிளாஷ் வாசித்தது. கறுப்பினக் குழுக்களும் பங்க் குழுக்களும் ஒரே மேடையில் நின்றார்கள். தெற்காசியக் குடும்பங்கள் வாழ்ந்த கிழக்கு லண்டன் தெருக்களில் அன்றைய அச்சம் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பிற்பகலின் எடை புரியும்.

1978 அக்டோபரில் ரோட்ஸை வெளியேற்றினார்கள். நிலையான மேலாளர் இல்லாமல், கடனோடு, ஒத்திகைக்கு இடமில்லாமல் நின்ற அந்த ஓராண்டில்தான் அவர்களுடைய தலைசிறந்த வேலை நடந்தது என்பதை, ரோட்ஸ் இல்லாமல் கிளாஷ் இல்லை என்று வாதிடுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பிம்லிகோ பகுதியில், ஒரு கார் பழுதுபார்க்கும் இடத்தின் பின்பக்கம் ஒத்திகைக் கூடம் பிடித்தார்கள். நாள்தோறும் பிற்பகல் கூடி, நடுவில் எதிரேயிருந்த திடலில் கால்பந்து ஆடி, மறுபடி வாசித்தார்கள். வெளியாட்கள் அதிகம் இல்லை. நால்வரும் நண்பர்களாக இருந்த கடைசிக் கோடைகாலம் அது என்று சொல்லலாம். 1979 ஆகஸ்டில் ஹைபரியில் உள்ள வெசெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார்கள். தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ். குடியால் தொழிலை இழந்து, நிறுவனங்களெல்லாம் ஒதுக்கிவைத்த மனிதர். அவர்தான் வேண்டும் என்று குழு அடம்பிடித்தது. வாசித்துக்கொண்டிருக்கும்போது நாற்காலிகளை வீசுவார், ஏணியைச் சுழற்றுவார், பியானோவுக்குள் மதுவை ஊற்றுவார். பிழையில்லாத வாசிப்பைவிட உயிருள்ள வாசிப்பே பெரிது என்பது அவர் கொள்கை. 'லண்டன் காலிங்' பிறந்தது இப்படித்தான்.

அதை இரட்டை ஆல்பமாக வெளியிட்ட கதை வியாபாரத் தந்திரத்துக்கு நல்ல பாடம். ஒற்றைத் தட்டு விலைக்கு இரட்டைத் தட்டு விற்க நிறுவனம் சம்மதிக்கவில்லை. சரி, ஆல்பத்தோடு இலவசமாக ஒரு பன்னிரண்டு அங்குலத் தட்டு கொடுக்கலாமா என்று கேட்டார்கள். அதற்குச் சம்மதம் கிடைத்தது. அந்த இலவசத் தட்டில் மெதுவாக ஒன்பது பாட்டுகளை ஏற்றிவிட்டார்கள். கடைசி நேரத்தில் சேர்ந்த 'ட்ரெயின் இன் வெயின்' அட்டையில் அச்சிட்ட பட்டியலில்கூட இல்லை. அமெரிக்காவில் அவர்களுக்கு முதல் முப்பதுக்குள் இடம் வாங்கிக் கொடுத்ததும் அதே பாட்டுதான். ஜோன்ஸ் எழுதிப் பாடிய காதல் பாட்டு! காதலைப் பற்றி எழுதாதீர்கள் என்ற கட்டளை என்ன ஆனது? காற்றில் போனது, நல்லதாயிற்று. அட்டைப்படத்தில் சிமோனன் தன் பாஸ் கிதாரைத் தரையில் அடித்து நொறுக்குகிறார். அது 1979 செப்டம்பரில் நியூயார்க்கின் பல்லேடியம் அரங்கில் பென்னி ஸ்மித் எடுத்த படம். ஃபோகஸ் சரியில்லை, வேண்டாம் என்று அவர் மறுத்தாராம். ஸ்ட்ரம்மர் விடவில்லை.

அடுத்தது 'சாண்டினிஸ்டா!', 1980 டிசம்பர். மூன்று தட்டுகள், 36 பாட்டுகள். நிகராகுவா புரட்சியாளர்களின் பெயரைத் தாங்கி வந்தது. நிறுவனம் தட்டுக்கு இடும் அடையாள எண்ணைக்கூட அந்த இயக்கத்தின் முதலெழுத்துகளாக வைத்தார்கள். குறைந்த விலைக்கு விற்பதற்காக முதல் இரண்டு லட்சம் பிரதிகளுக்குத் தங்கள் பங்குத்தொகையையே விட்டுக்கொடுத்தார்கள். நேர்மையாகச் சொன்னால் அதில் பாதியைக் குறைத்திருக்கலாம். ஆனால் நியூயார்க்கில் ராப் இசை பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த நேரத்தில், லண்டனிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரக் குழு அதைக் கேட்டு, அதே மொழியில் ஒரு பாட்டு செய்து, அந்தப் பாட்டின் மறுகலவை அங்குள்ள கறுப்பின வானொலியில் ஒலித்தது என்றால், அது அந்த ஆல்பத்தில்தான். இதற்கெல்லாம் முன்னால் நின்றவர் ஜோன்ஸ். 1981இல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் பாண்ட்ஸ் அரங்கில் எட்டு நாள் நிகழ்ச்சிக்கு அளவுக்கு மீறி டிக்கெட் விற்றுவிட்டார்கள். தீயணைப்புத் துறை தடுத்தது. டிக்கெட் வாங்கிய ஒருவரையும் ஏமாற்றக் கூடாது என்று 17 நிகழ்ச்சிகள் வாசித்துத் தீர்த்தது குழு. முன்னோட்டத்துக்கு அழைத்த ராப் முன்னோடி கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷை ரசிகர்கள் கூச்சலிட்டு, கோப்பைகளை எறிந்து விரட்டினார்கள். அந்த ரசிகர்கள் 'தூய' பங்க் கேட்க வந்தவர்கள். அவர்களுடைய நோய் இரண்டே ஆண்டில் மேடைக்கும் தொற்றியது.

இதற்குள் கடன் கழுத்தை நெரித்தது. பழைய வேகம் வேண்டும் என்று ஸ்ட்ரம்மர் வற்புறுத்த, 1981 தொடக்கத்தில் ரோட்ஸ் திரும்பி வந்தார். அவர் இல்லாவிட்டால் நான் போய்விடுவேன் என்றே ஸ்ட்ரம்மர் சொன்னார். ஜோன்ஸுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. விரிசலை அங்கேயே பார்க்கலாம்.

அடுத்த ஆல்பத்தை ஜோன்ஸ் நீண்ட, நடனத்தன்மை மிகுந்த இரட்டை ஆல்பமாகக் கலவை செய்திருந்தார். ஜப்பான், ஆஸ்திரேலியா, ஹாங்காங், தாய்லாந்து என்று அலைந்துகொண்டே அதைச் செப்பனிட முயன்று எல்லோரும் களைத்துப்போனார்கள். இறுதியில் தயாரிப்பாளர் கிளின் ஜான்ஸை அழைத்து, வெட்டி, ஒரே தட்டாகச் சுருக்கினார்கள். ஜோன்ஸுக்கு அது தன் பிள்ளையின் கையை வெட்டியது போல. ஆனால் காதால் கேட்டுச் சொல்கிறேன்: வெட்டியவர்கள் சொன்னதுதான் சரி. 1982 மே மாதம் வெளியான 'காம்பாட் ராக்' அவர்களுடைய அதிகம் விற்ற ஆல்பம் ஆனது.

அதில் இரண்டு பாட்டுகளைக் கவனிக்க வேண்டும். 'ராக் த காஸ்பா' பதிவான நாளில் நியூயார்க்கின் எலக்ட்ரிக் லேடி கூடத்துக்கு ஹெடன் முன்னதாகவே வந்துவிட்டார். மற்றவர்கள் வரவில்லை. பொழுது போகாமல், மனதில் கிடந்த ஒரு மெட்டுக்கு டிரம்ஸ் வாசித்தார், பியானோ வாசித்தார், பாஸும் அவரே வாசித்தார். வந்தவர்கள் கேட்டுத் திகைத்தார்கள். பாட்டு ஏறக்குறைய முடிந்தே இருந்தது. ஹெடன் எழுதியிருந்த வரிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்ட்ரம்மர் தன் வரிகளை எழுதினார். அந்த வரிகளின் தொடக்கத்தில் 'ராகம்' என்ற நம் சொல் வருகிறது. எல்லாப் பாட்டும் ஏன் இந்த ராகத்தைப் போல நீண்டுகொண்டே போகிறது என்று ரோட்ஸ் சலித்துக்கொண்டதிலிருந்து பிறந்தது அது. இன்னொரு பாட்டு, 1981இன் இறுதி நாட்களில் பதிவான 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'. அந்தக் கிதார் இழைக்கு ராக் தாளம் ஒட்டவில்லை என்று ஹெடன் பிரேசிலின் போசா நோவா தாளத்தை எடுத்தார். வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுச்சென்ற பிள்ளைகள், இங்கிலாந்தில் வேண்டாதவர்களாக நிற்கும் குடியேறிகள் என்று அது விரியும். என்னைக் கேட்டால் கிளாஷ் தொட்ட உச்சம் இதுதான்.

இரண்டையும் தாங்கிப் பிடித்தவரை ஆல்பம் வெளியான சில நாட்களிலேயே வெளியேற்றினார்கள்.

நடந்தது இது. ஹெடனின் ஹெராயின் பழக்கம் முற்றிவிட்டது. மேடையிலேயே தாளம் தடுமாறத் தொடங்கியிருந்தது. 1982 ஏப்ரலில், பயணம் தொடங்கும் வேளையில் ஸ்ட்ரம்மர் மாயமானார். ஸ்காட்லாந்தில் டிக்கெட் விற்பனை மந்தமாக இருந்ததால், பரபரப்புக்காகக் கொஞ்ச நாள் தலைமறைவாகு என்று ரோட்ஸ் கொடுத்த யோசனை அது. டெக்சாஸ் போவதாகப் பேச்சு. ஸ்ட்ரம்மரோ ரோட்ஸுக்கும் சொல்லாமல் பாரிஸ் போய், தாடி வளர்த்துக்கொண்டு உண்மையாகவே காணாமல் போனார். பொய்யாகத் தொலையச் சொன்னவருக்கு நிஜமாகவே ஆள் தொலைந்துவிட்டது! தேடிப்பிடித்துத் திரும்ப அழைத்து வந்தார்கள். மே 20 அன்று நெதர்லாந்தின் லோகெம் விழாவில் நால்வரும் வாசித்தார்கள். அதுதான் நால்வரும் சேர்ந்து நின்ற கடைசி மேடை. ஊர் திரும்பியதும் ஹெடனை நீக்கினார்கள். அரசியல் கருத்து வேறுபாடு என்று வெளியே காரணம் சொன்னார்கள்.

ஹெடனை வைத்துக்கொண்டு நடத்தியிருக்க முடியுமா? அன்றைய நிலையில் மிகக் கடினம். போதை அடிமைகளைச் சிகிச்சைக்கு அனுப்பிக் காத்திருக்கும் வழக்கம் அப்போது இசையுலகில் வேர்விடவில்லை. எனவே முடிவெடுத்தவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விளைவைப் பாருங்கள். அமெரிக்கப் பயணத்துக்குப் பழைய டெர்ரி சைம்ஸை அவசரமாக அழைத்தார்கள். 'ராக் த காஸ்பா' காணொளியில் ஹெடன் உருவாக்கிய பாட்டுக்கு சைம்ஸ் டிரம்ஸ் அடிக்கிறார். அந்தப் பாட்டு அமெரிக்காவில் எட்டாம் இடம் வரை ஏறியது. அதைப் பார்த்தது தன்னை இன்னும் ஆழத்தில் தள்ளியது என்று ஹெடன் பிறகு சொன்னார். குழு என்பது அந்த நால்வரின் ரசாயனக் கலவை, ஒருவரை எடுத்துவிட்டு யாரைப் போட்டாலும் அது வேலைக்காகாது என்று ஸ்ட்ரம்மரும் பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆக, ஷே ஸ்டேடியத்தில் த ஹூ குழுவுக்கு முன்னால் வாசித்ததாக நீங்கள் குறிப்பிட்ட அந்த வெற்றிகரமான கிளாஷ், ஏற்கெனவே ஒரு கால் ஊனமான கிளாஷ்.

ஹெடன் போனதும் குழுவில் இசை பேசுகிறவர் ஜோன்ஸ் மட்டும் ஆனார். அவருக்குப் பக்கத்தில் நின்று "இது நன்றாக இருக்கிறது, வாசித்துப் பார்ப்போம்" என்று சொல்ல ஆளில்லை. ஒருபக்கம் அவர், எதிர்ப்பக்கம் ஸ்ட்ரம்மர், சிமோனன், காதருகில் ரோட்ஸ். ஜோன்ஸும் லேசான ஆள் அல்லர். ஒத்திகைக்கு எப்போதும் தாமதம், சிணுங்கல், நட்சத்திர பந்தா. மூவர் காத்திருக்க ஒருவர் மணிக்கணக்கில் கழித்து வந்தால் யாருக்குத்தான் எரியாது? 1983 மே 28 அன்று கலிபோர்னியாவில், ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் நடத்திய யுஎஸ் ஃபெஸ்டிவலில் வாசிக்க ஐந்து லட்சம் டாலர் பெற்றார்கள். வேன் ஹேலன் குழுவுக்கு அதைப்போல மூன்று மடங்கு என்பது தெரிந்ததும், விழாக்காரர்கள் அறப்பணிக்கு நன்கொடை கொடுத்தால்தான் மேடையேறுவோம் என்று தகராறு செய்து, கூட்டத்தைக் காக்கவைத்து, கடைசியில் மேடைப் பணியாளர்களோடு கைகலப்பில் முடித்தார்கள். விலைபோகாதவர்கள் நாங்கள் என்ற பதாகையும் கூடவே இருந்தது. ஜோன்ஸ் கிளாஷோடு வாசித்த கடைசி நாள் அது. செப்டம்பரில் அந்த அறிக்கை வந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்ட மனமில்லை. இரண்டு இளம் கிதார் கலைஞர்களைச் சேர்த்தார்கள். பீட் ஹோவர்டு டிரம்ஸ். மீண்டும் 1976க்குப் போவோம், பங்க் வேர்களுக்குத் திரும்புவோம் என்றார்கள். சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்காக 1984 டிசம்பரில் பிரிக்ஸ்டனில் வாசித்தார்கள். 1985 மே மாதம் கையில் காசில்லாமல், வெறும் கிதார்களோடு வட இங்கிலாந்து, ஸ்காட்லாந்துத் தெருமுனைகளில் பாடித் திரிந்தார்கள். அந்த இரண்டும் மட்டும் அந்தக் காலத்தின் நல்ல பக்கங்கள். 1985 நவம்பரில் வந்த 'கட் த கிராப்' ஆல்பத்தில் தயாரிப்பாளர் பெயராக ஒரு புனைபெயர் இருந்தது. பின்னால் இருந்தவர் ரோட்ஸ். 'திஸ் இஸ் இங்கிலாந்து' என்ற ஒரு பாட்டைத் தவிர மற்றதைக் காதுகொடுத்துக் கேட்பது சிரமம்.

அந்த ஆல்பத்தில் ஹோவர்டின் வாசிப்பை ஓரம்கட்டிவிட்டு டிரம் மெஷினைப் பயன்படுத்தினார்கள். மனித டிரம் மெஷினை விரட்டிய குழு, நிஜ டிரம் மெஷினிடம் வந்து சேர்ந்தது. நவீன இயந்திரத் தாளங்களின் மீது ஜோன்ஸ் காட்டிய மோகம்தானே மூலக் கருத்துக்கு விரோதம் என்று பார்க்கப்பட்டது? அவரை விரட்டியபின் அதே இயந்திரத்தை, அவருடைய காது இல்லாமல் பயன்படுத்தினார்கள். ஜோன்ஸோ அதே நேரத்தில் டான் லெட்ஸோடு சேர்ந்து பிக் ஆடியோ டைனமைட் குழுவைத் தொடங்கி, ராப், ரெக்கே, திரைப்பட ஒலித்துணுக்குகள் எல்லாவற்றையும் கலந்து வெற்றி பெற்றுக்கொண்டிருந்தார். கிளாஷ் போயிருக்க வேண்டிய பாதை அது. ஸ்ட்ரம்மருக்கும் தவறு புரிந்தது. பஹாமாஸ் தீவு வரை போய் ஜோன்ஸைத் திரும்ப அழைத்தார். ஜோன்ஸ் கோபிக்கவில்லை, ஆனால் வரவும் இல்லை. அவ்வளவுதான், கிளாஷ் முடிந்தது.

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் வருகிறேன். பணம்: கடன்தான் ரோட்ஸைத் திரும்பக் கொண்டுவந்தது, அந்த அளவில் அதற்குப் பங்குண்டு. போதை: ஹெடனை அது பறித்தது. மேலாளர்: கிளாஷ் பிறந்ததற்கு அவர் எவ்வளவு காரணமோ, இறந்ததற்கும் அவ்வளவு காரணம். ஆனால் அவர் சொன்னதை நம்பத் தயாராக ஸ்ட்ரம்மருக்குள் ஒரு குற்றவுணர்ச்சி காத்திருந்தது. தூதரக வீட்டுப் பிள்ளை, ஒரு லட்சம் பவுண்டு ஒப்பந்தக்காரர், ஷே ஸ்டேடியக்காரர். தன்னை யாராவது போலி என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவரை விடவே இல்லை. அந்தப் பயத்துக்கு ஜோன்ஸைப் பலி கொடுத்தார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

மறுபடி கூடச் சொல்லிப் பெரும் தொகைகள் பேசப்பட்டன. 1991இல் ஒரு ஜீன்ஸ் விளம்பரத்தின் புண்ணியத்தில் 'ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. கிளாஷுக்கு அங்கே கிடைத்த ஒரே முதலிடம் அது. குழு கலைந்து ஐந்தாண்டுகள் கழித்து! அப்போதும் அவர்கள் கூடவில்லை. 2002 நவம்பர் 15 அன்று, வேலைநிறுத்தத்தில் இருந்த தீயணைப்பு வீரர்களுக்காக மேற்கு லண்டனின் ஆக்டன் டவுன் ஹாலில் ஸ்ட்ரம்மர் தன் புதிய குழுவோடு வாசித்துக்கொண்டிருந்தார். பார்வையாளராக வந்திருந்த ஜோன்ஸ் திடீரென்று மேடையேறி கிதாரை மாட்டிக்கொண்டார். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் இருவரும் ஒரே மேடையில் மூன்று பாட்டுகள். டிசம்பர் 22 அன்று ஸ்ட்ரம்மர் தம் வீட்டில் இறந்தார். யாருக்கும் தெரியாமல் பிறவியிலிருந்தே இருந்த இதயக் குறைபாடு. வயது 50.

கடைசியாக ஒன்று. லண்டனில் பிறந்து, குழந்தையாக யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போருக்குத் தப்பி அகதியாக மீண்டும் லண்டன் வந்தவர் மாயா அருள்பிரகாசம் என்கிற எம்.ஐ.ஏ. விசா வரிசையில் நிற்கும் குடியேறியை உலகம் எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதைக் கேலி செய்யும் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டை 2007இல் தந்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட அடித்தளம், குடியேறிகளைப் பற்றிய அதே 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'. அடுத்த ஆண்டு அது அமெரிக்காவில் நான்காம் இடம் வரை ஏறியது. கிளாஷே தொடாத உயரம். அந்தப் பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் எம்.ஐ.ஏ.வுக்கும் தயாரிப்பாளர் டிப்ளோவுக்கும் பக்கத்தில் ஸ்ட்ரம்மர், ஜோன்ஸ், சிமோனன் பெயர்கள் இருக்கின்றன. ஹெடன் பெயரும் இருக்கிறது.